கால்வாய்ப் பங்கு

எங்கள் ஊர் மேட்டைப் பார்த்துவிட்டு யாராவது "சும்மா கிடக்கிற காடு" என்று சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். மனை பார்க்க வருகிற புரோக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள். காரை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எவ்ளோ எடம் பாருங்க சார், சும்மா கெடக்குது" என்பார்கள். சும்மா கிடந்திருந்தால் சீமைக்கருவேலம் என்றைக்கோ அதை விழுங்கி ஏப்பம் விட்டிருக்கும். வருடம் தவறாமல் தை மாதத்தில் ஊர்ப் பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் வெட்டுவதால்தான் அந்த மேடு மேடாக இருக்கிறது.

முசரவாக்கத்தைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். ஏரிக்கு மேற்கே சரளைக்கல் மேடு. உச்சியில் விராலியும் ஆவாரையும் காரைமுள்ளும் இருக்கும். சரிவு முழுக்க நொச்சி. விராலி வேலிக்குப் போகும். ஆவாரம்பூவைக் காயவைத்து நாட்டு மருந்துக் கடையில் போடுவோம். ஆனால் மேட்டுக்கு ராஜா நொச்சிதான், ஏனென்றால் கூடைக்கு அதுதான் வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி வந்து எத்தனையோ காலமாகியும் காஞ்சிபுரத்தில் பூக்கடைச் சத்திரத்துக்காரர்கள் நொச்சிக் கூடையை விடவில்லை. பெட்டியில் மல்லிகை வியர்த்துப் போகிறதாம், கூடையில் மூச்சு விடுகிறதாம். வைகாசிப் பெருமாள் உற்சவம் நெருங்கினால் போன் மேல் போன் போட்டு உயிரை எடுப்பார்கள்.

நான் பிறந்தது காஞ்சிபுரத்தில். அப்பா கூலிக்குத் தறி நெய்தவர். கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு நொச்சி என்றால் சளிக்கு ஆவி பிடிக்கிற தழை, அவ்வளவுதான். அதை வெட்டினால்தான் அது உருப்படும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, மழைத்தண்ணீர் தங்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டின தூரிலிருந்து அந்த வருடமே புது விளார்கள் கிளம்பும். சுண்டுவிரல் கனத்தில், கணுப்பக்கம் கிளை இல்லாமல், நெட்டுக்கு நேராக நிற்கும். முழங்காலில் வைத்து வளைத்தால் சொன்ன பேச்சு கேட்கும். ஒரு வருடம் வெட்டாமல் விட்டுவிட்டால் போச்சு. கிளை பிரிந்து, மரத்துப்போய், வளைத்தால் படீரென்று உடையும். அதை வைத்து ஆட்டுப்பட்டி கட்டலாம், அடுப்பெரிக்கலாம், கூடை மட்டும் பின்ன முடியாது. வெட்டிக்கொண்டே போகும்போது ஆட்டுப் புழுக்கையில் முளைத்த கருவேலங் கன்றுகளையும் வேரோடு பிடுங்கிக்கொண்டே போவோம். அதுவும் வெட்டில் சேர்ந்த வேலைதான்.

மேடு பொதுவானது. ஆனால் வெட்டுவதற்குப் பங்கு உண்டு. கல் நட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று எந்தக் காலத்திலோ பிரித்தது. அதிலும் ஒரு வழக்கம் இருந்தது: வீட்டுப் பங்கில் நல்ல துண்டு பெண்ணுக்கு. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து அவள் தை மாதம் வந்து வெட்டிக்கொண்டு போகலாம். மருமகளுக்கு மிச்சம் இருக்கிற துண்டு. எங்கள் வீட்டில் நல்ல துண்டு என்றால் கால்வாய்ப் பங்கு. ஏரிக்கு வருகிற வரத்துக் கால்வாயை ஒட்டினது. ஈரம் காயாத இடம் என்பதால் விளார் ஆள் உயரத்துக்கு மேல் போகும். அது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு. அதற்கு மேலே இருந்த சரளைத் துண்டு எனக்கு. என் விளார் என் இடுப்புக்கு வந்தால் பெரிய விஷயம்.

பெண் பங்கை வாயால் யாருக்கும் கொடுக்கக் கூடாது, கேட்கவும் கூடாது. அவள் வந்து வெட்டுகிற வரைக்கும் அவளுடையது. மாசி பிறந்தும் வெட்டாமல் நின்றால் பக்கத்துப் பங்குக்காரர் அந்தப் பங்கையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். அவளுக்கு முடியாத வருடத்தில் வேறு யாராவது அவள் பெயரைச் சொல்லி வெட்டி, முதல் விளார்க்கட்டை எல்லைக்கல்லில் சாத்தி வைத்தால் அது பேர்க்கட்டு. பேர்க்கட்டு சாத்திவிட்டால் பங்கு அவளோடேயே நிற்கும். விளாரும் அவளுடையதுதான்.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் தெரியாமல் கல்யாணமான முதல் தையில் நான் கால்வாய் ஓரம் போய் ஒரு தூரை வெட்டிவிட்டேன். அழகாக இருந்தது, வெட்டினேன். என் நாத்தனார் அங்கிருந்தே போட்ட சத்தத்தில் மேட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"யாரைக் கேட்டு வெட்டின? டவுன்ல பொறந்தா கண்ணு தெரியாதா? கல்லு நட்டிருக்குது பாரு!"

கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு மாறாத பெண்ணை அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லலாமா? நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. "உங்க நொச்சியைத் தலைகீழா நின்னாலும் இனிமே தொட மாட்டேன் அண்ணி" என்று வெட்டின விளாரை அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் சண்டை. வருடம் முழுக்க அவர் மாகறலில், நான் இங்கே. தை பிறந்தால் சாக்கில் கத்தியைச் சுற்றிக்கொண்டு, காஞ்சிபுரத்தில் பஸ் மாறி, ஒரு பை அவரைக்காயோடு வந்து இறங்குவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். கோலம் கோணல், குழம்பில் உப்பு இல்லை, நான் வெட்டின தூர் எலி கடித்த மாதிரி இருக்கிறது. நானும் விடமாட்டேன். அவர் கட்டுகிற கட்டு பஸ் ஏறுவதற்குள் அவிழ்ந்துவிடும் என்பேன். ஒருமுறை நிஜமாகவே அவிழ்ந்து, பஸ் ஸ்டாண்டு முழுக்க நொச்சி. கண்டக்டர் திட்ட, இவர் திருப்பித் திட்ட, நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன். பொறுக்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், ஆனால் சிரித்ததாக ஒப்புக்கொள்ளவே இல்லை.

இப்போது அவர் இல்லை. போன ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். இந்தத் தையில் மேட்டில் நின்றபோது காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. வெயில் ஏற ஏற நொச்சித் தழை வாசனை கிளம்பும், பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு குரல் என்னைக் குறை சொல்லிக்கொண்டே வரும், மதியம் இரண்டு பேரும் ஒரே தூக்கிலிருந்து கூழ் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவோம். அதையெல்லாம் சந்தோஷம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சண்டைகளுக்கு நடுவில் ஒரு வருடம் என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். பயிரும் இல்லை, வேறு வருமானமும் இல்லை. நான் பின்னுகிற கூடைதான் வீட்டை ஓட்டியது. பூக்கடைக்காரர்களுக்குப் பெரிய கூடை வேண்டும். பெரிய கூடைக்கு நீள விளார் வேண்டும். என் சரளைத் துண்டில் விளைந்ததோ குட்டைக் கழி. அதை ஒன்றோடொன்று சேர்த்துச் சொருகிச் சொருகி, தறிப் பாவில் அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற மாதிரி ஒட்டுப்போட்டுப் பின்னினேன். விரல் நுனியெல்லாம் கிழிந்தது. நாத்தனார் தம்பியைப் பார்க்க வந்துபோனார். என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். வழக்கமாக ஏதாவது நொட்டை சொல்வாரே, அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதிசயமாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

அடுத்த தைக்கு அவர் வரவில்லை. போன் போட்டேன்.

"முட்டி வலிம்மா. குனிய முடியல."

"அப்போ உங்க பங்கு?"

"அது கெடக்குது போ" என்று வைத்துவிட்டார்.

தை தேய்ந்துகொண்டே போனது. கால்வாய்ப் பங்கு மட்டும் வெட்டாமல் நின்றது. அதற்கு ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் நாங்கள். மாசி பிறந்தால் எங்களுக்குத்தான் வரும். ஊரே என்னை அதிர்ஷ்டசாலி என்றது. படுக்கையிலிருந்தபடியே வீட்டுக்காரரும் சொன்னார்: "வுடு, தானா வருது. அக்கா ஒண்ணும் சொல்லாது."

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. அந்த விளாரைப் பார்த்தாலே கை பரபரக்கும். ஆனால் தொட மாட்டேன் என்று சொன்ன வாய் என் வாய். அதைவிட இன்னொன்று இருந்தது. மாமியார் அதற்குள் போய்விட்டார். பிறந்த வீட்டில் அண்ணிக்கு என்று மிச்சமிருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் சாக்கில் கத்தியைச் சுற்றிக்கொண்டு எதற்கு பஸ் ஏறி வருவார்? வரவே மாட்டார் என்று பயந்தேன். தை கடைசியில் ஒரு நாள் போய் அவர் பெயரைச் சொல்லி முழுப் பங்கையும் வெட்டினேன். முதல் கட்டை எல்லைக்கல்லில் சாத்தினேன். மீதியைக் கட்டி, காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் ஏற்றி, மாறவேண்டிய இடத்தில் மாறி மாகறலுக்கே கொண்டுபோய் இறக்கினேன். அவர் அதைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வா என்றார், சோறு போட்டார், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை.

சித்திரையில் மாகறல் கோயிலுக்குப் போனபோது அவர் வீட்டுக்கும் எட்டிப் பார்த்தேன். கொல்லையில் அவரைப் பந்தல். பந்தலுக்கு நட்டிருந்தது என் கையால் வெட்டின நொச்சி விளார்! பூக்கடைக்காரன் கண்ணில் ஒற்றிக்கொள்கிற விளார், மேலே அவரைக்கொடி ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்குது அண்ணி, காய் நிறைய வைக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருடமும் முட்டி வலி. நானும் மறுபடி வெட்டினேன். "எனக்கு அனுப்பாத, இங்க வைக்க எடமில்ல" என்றார். சரி, அனுப்பவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அடுக்கினேன். அவர் பொருள், எப்போதாவது வந்து எடுத்துக்கொள்வார் என்று. இப்படியே வருடங்கள் போயின. வீட்டுக்காரர் எழுந்து நடமாடினார், வெட்டுக்கு வந்து உதவினார், "எடுத்துப் பின்னிக்கயேன் பைத்தியக்காரி" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார். நான் அசையவில்லை. ஒரு பக்கம் அந்தக் குவியல் காய்ந்து வெளுத்துக்கொண்டே போகும், இந்தப் பக்கம் நான் குட்டைக் கழியை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பேன். கொரோனா வந்தபோது டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஆவி பிடிக்கத் தழை ஒடித்தார்கள். அடியில் வெட்டாமல் நுனியை முறித்தார்கள், நுனி முறிந்தால் விளார் கிளை பிரிந்துவிடும். கால்வாய்ப் பங்குக்கு முன்னால் குச்சியோடு நின்று அவர்களை விரட்டினேன். என் பங்கில் யார் ஒடித்தாலும் நான் கண்டுகொள்ளவில்லை.

கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு பொங்கலுக்கு, பேத்திக்குக் காதுகுத்தல் என்று சொல்ல அண்ணி வந்தார். பத்திரிகையைக் கொடுத்தார், காபி குடித்தார், கை கழுவக் கொட்டகைப் பக்கம் போனார். போனவர் வரவில்லை. போய்ப் பார்த்தால் குவியலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். அடியில் கரையான் தின்று மண்ணாகிப்போனது, அதற்கு மேல் சாம்பல் நிறம், மேலே போன வருடத்துப் பழுப்பு. வருடக்கணக்கு அவர் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது.

"இன்னாமா இது?"

"உங்க நொச்சிதான் அண்ணி."

"ஒரு கழிகூட எடுக்கலியா நீ?"

"உங்களுது. நான் எதுக்கு எடுக்கணும்?"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார். "அடிப்பாவி! நான் எப்போ வெட்டச் சொன்னேன்?"

"வெட்டலன்னா பங்கு போயிடும் இல்ல?"

"போவட்டும்னுதானே வுட்டேன்! யாருக்குப் போவும், சொல்லு. ஒரு பக்கம் கால்வா. இன்னொரு பக்கம் யாரு?"

"நாங்க."

"நாங்களாம்! இப்போ சொல்றா பாரு. எந்தம்பி படுத்துக்கினு இருந்தப்போ நீ அந்த மொட்டைக் கழியை வச்சிக்கினு பின்னினதைப் பக்கத்துல குந்திக்கினு பார்த்தனே. விரலெல்லாம் ரத்தம். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். முட்டி வலியாவது மண்ணாவது!"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"பொறந்த வூட்டுப் பங்கை வாயால குடுப்பாளா எவளாவது? வெட்டாம வுட்டா புரிஞ்சிக்கணும். இதுக்கு மேல ஊர்ல தமுக்கு அடிக்கணுமா? நான் வருசா வருசம் வுடறேன், இவ வருசா வருசம் பேர்க்கட்டு சாத்தறா! சரி, கழியையாவது பின்னிக்கினு இருப்பான்னு மனசைத் தேத்திக்கினேன். இங்க அடுக்கி வச்சிருக்கிறா கரையானுக்கு!"

நானும் கத்தினேன். கத்தினேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. "அந்தப் பங்கும் போயிட்டா நீங்க எதுக்கு இங்க வருவீங்க? அதுக்குத்தானே வெட்டினேன்!"

அவர் குழாயைத் திறந்து ரொம்ப நேரம் காலைக் கழுவினார். பிறகு சமையலறைக்குள் போய், "சோறு ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

அன்று சாயந்திரம் கிளம்புவார் என்று பார்த்தால் கிளம்பவில்லை. மகனுக்குப் போன் போட்டு, மாற்றுப்புடவை கொடுத்தனுப்பச் சொன்னார். "மாசி பொறக்கற வரைக்கும் இங்கதான். உன்னை நம்ப முடியாது, நான் அந்தாண்ட போனா நீ இந்தாண்ட போய் வெட்டிடுவ" என்றார். சொன்னபடி காவலும் காத்தார். காலையில் குடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். நான் என் சரளைத் துண்டை வெட்ட வேண்டியது, அவர் நிழலில் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டியது. இருட்டினால் என் கத்தி அரிசி டிரம்முக்குள் போய்விடும், டிரம் மேல் அவர் தலையணை. குவியலில் கரையான் விட்டுவைத்ததையெல்லாம் எடுத்து வெந்நீர் போட்டார். "நல்லா எரியுதும்மா உன் மானம்" என்று சிரித்தார். கல்யாணமாகிப் போன பிறகு அவர் பிறந்த வீட்டில் அத்தனை நாள் சேர்ந்தாற்போல் இருந்தது அதுதான் முதல் தடவை. காதுகுத்தலுக்கு மட்டும் போய்விட்டு அன்று மாலையே திரும்பிவிட்டார். பேத்திக்குப் பாட்டி இல்லாமல் ஆகாதாம், மறுநாள் காலை அவர் இல்லாமல் இங்கே ஆகாதாம்.

மாசி பிறந்தது. என்னை எழுப்பி, கத்தியைக் கையில் கொடுத்து, முன்னால் நடந்தார். மேடு முழுக்க வெட்டி முடிந்து தூர் தூராக நின்றது. கால்வாய் ஓரம் மட்டும் நொச்சி ஆள் உயரத்துக்கு மேல் நின்று, நுனியில் நீலப்பூ பூத்திருந்தது. மற்றப் பங்குக்காரிகள் இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"உம், வெட்டு" என்றார்.

குனிந்தேன். கை வரவில்லை. அதை வெட்டினால் அவருக்கும் இந்த ஊருக்கும் இருக்கிற கடைசி முடிச்சை நானே அறுப்பது போல இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அன்றைக்குக் கொட்டகைக்குப் பின்னால் கேட்டதையே மறுபடியும் கேட்டேன். "இனிமே நீங்க தைக்கு வரமாட்டீங்க இல்ல அண்ணி?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். யாருக்கும் கேட்காதபடி கிட்டே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் மெதுவாகப் பேசியது அப்போதுதான்.

"பைத்தியம். நொச்சிக்கா நான் ரெண்டு பஸ் மாறி வந்துக்கினு இருந்தேன்? மாகறல்ல செய்யாத்துக் கரை பூரா நொச்சிதான், வெட்ட ஆளில்லாம கெடக்குது. அங்க மருமவ, புள்ள, அக்கம்பக்கம் எல்லாரும் எங்கிட்ட மரியாதையா பேசறாங்கம்மா. சண்டை போட எனக்கு உன்னை வுட்டா யாரு இருக்கிறா?"

முகத்தை அவர் பார்க்காதபடி குனிந்து முதல் தூரை வெட்டினேன்.